எஸ்தர் உட்கார்ந்த பாறை

ஆம்பூர் பஸ் நிலையத்தில் காலை ஆறு மணிக்கே பிரியாணிக் கடைக்காரர்கள் அண்டா கழுவத் தொடங்கிவிடுகிறார்கள். டிசம்பர் பனியில் அந்தத் தண்ணீரிலிருந்து ஆவி பறந்தது. ஷூ கம்பெனி பஸ்கள் முதல் ஷிப்ட் பெண்களை ஏற்றிக்கொண்டு ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. மற்ற நாளென்றால் நானும் அவற்றில் ஒன்றில் ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு போயிருப்பேன். அன்று எதிர்ப்பக்கம், வாணியம்பாடி பஸ் நிற்கும் இடத்தில் நின்றிருந்தேன். கையில் ஒரு பை. பக்கத்தில் என் மகள் எஸ்தர்.

"அக்கா, இன்னா லீவா?" என்று ஒரு பஸ்ஸிலிருந்து என் செக்‌ஷன் பெண் எட்டிப் பார்த்துக் கத்தினாள்.

"ஜவ்வாது மலைக்குப் போறோம்டி. மிருகம் பாக்க."

"அதுக்கு ஏன்க்கா மலைக்குப் போவணும்? நம்ம லைன் சூப்பர்வைசர பாத்தா பத்தாதா?"

பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டே போனது. எஸ்தரும் சிரித்தாள். அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்து எட்டு மாதம் ஆகியிருந்தது.

அந்த எட்டு மாதத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பயணத்தைச் சொல்ல முடியாது. எஸ்தர் திருச்சியில் விடுதியில் தங்கி விலங்கியல் படித்துவந்தாள். இரண்டாம் ஆண்டு. ஏப்ரலில் அவளும் தோழிகளும் போன ஆட்டோ கவிழ்ந்தது. அங்கிருந்து அவளே எனக்குப் போன் செய்தாள். "ஒண்ணும் இல்லம்மா. லேசா சிராய்ப்பு. நீ வராத" என்றாள். நானும் என் கணவரும் ராத்திரி ரயிலேறிப் போய்ப் பார்த்தால் இடது தொடை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. வேலூருக்குக் கொண்டுவந்து அறுவை சிகிச்சை செய்து, தகடு வைத்து, ஊன்றுகோலில் நடக்க வைத்து, பிறகு ஊன்றுகோலையும் விட வைத்தார்கள். காலில் கொஞ்சம் நீளக் குறைவு மட்டும் நின்றுவிட்டது. அது வாழ்நாள் முழுக்க இருக்கும், ஒன்றும் பயமில்லை, செருப்பில் உயரம் வைத்துக்கொண்டால் போதும் என்றார் டாக்டர்.

காலின் குறையைக் கூட நான் ஏற்றுக்கொண்டேன். அந்த "லேசா சிராய்ப்பு" என்ற வார்த்தையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. பிசியோதெரபியில் பல்லைக் கடித்துக்கொண்டு வியர்த்துப்போய் நிற்பாள். வலிக்குதா என்று கேட்டால் இல்லை என்பாள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் இருந்தால் நான் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவேன். திருச்சியில் யார் பார்ப்பார்கள்? இப்போதும் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன் எஸ்தர் எங்கே என்று தேடுகிறேன். ஜனவரியில் விடுதிக்குத் திரும்பவேண்டும் என்று அவள் கேட்டபோது, வேண்டாம், வாணியம்பாடியிலேயே ஒரு கல்லூரி பார்க்கலாம் என்றேன். ஒரு வாரம் வீட்டில் பேச்சு இல்லை.

கடைசியில் அவளே ஒரு யோசனை சொன்னாள். முதுமலைக்குக் கூட்டிப் போ என்று முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தாள். அது தூரம். பக்கத்தில் ஜவ்வாது மலையில், வனத்துறை அனுமதியோடு ஊர்க்காரர்களே காப்புக்காட்டுக்குள் வழிநடத்திக் கூட்டிப்போகிற நடை ஒன்று இருக்கிறது என்று கண்டுபிடித்தாள். போக நான்கு கிலோமீட்டர், வர நான்கு.

"முழுசா நடந்து காட்டுறேன். அப்புறம் ஹாஸ்டலுக்கு அனுப்புவியா?"

"நடந்து காட்டு. அப்புறம் பேசலாம்."

"பேசலாம் இல்ல. அனுப்புவேன்னு சொல்லு."

"சரிடி. அனுப்புறேன்."

இப்படித்தான் நாங்கள் பஸ் ஏறினோம்.

வாணியம்பாடி வரை மகளிருக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ். அங்கிருந்து ஆலங்காயம் பஸ் பிடித்தோம். ஆலங்காயத்தில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஜமுனாமரத்தூர் பஸ்ஸுக்கு நின்றோம். ஆலங்காயம் தாண்டியதும் காற்று மாறிவிடுகிறது. காவலூர் வானாய்வகத்தின் வெள்ளைக் குவிமாடம் மரங்களுக்கு மேலே ஒரு கணம் தெரிந்து மறைந்தது. வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் என் கை தானாக எஸ்தரின் முழங்காலுக்கு முன்னால் தடுப்பு மாதிரி நீண்டது. மூன்றாவது முறை அவள் அந்தக் கையைப் பிடித்து என் மடியிலேயே திருப்பி வைத்தாள். கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு, "பயப்படாதீங்கம்மா, டிரைவருக்கு இந்த ரோடு பொண்டாட்டி மாதிரி. கோச்சிக்காம பாத்துப்பாரு" என்றார். முன்னால் இருந்து டிரைவர், "அவ கோச்சிக்கறது உனக்கு இன்னா தெரியும்?" என்றார்.

ஜமுனாமரத்தூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆறு கிலோமீட்டர் போனால் நாங்கள் தங்கவேண்டிய சிற்றூர். ஆட்டோ என்றதும் நான் பையோடு ஓரடி பின்னால் போனேன். எஸ்தர் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

ஓடு வேய்ந்த இரண்டு அறைகள், முன்னால் சிமெண்ட் போட்ட வராந்தா, பின்னால் பலா மரங்கள். தங்குவதற்கும் இரண்டு வேளை சாப்பாட்டுக்கும் நடைக்கும் சேர்த்து ஆளுக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். வழிகாட்டி கோவிந்தனுக்கு நாற்பது வயது இருக்கும். நடையில் அவர் முன்னால் போவார், அவர் மனைவி லட்சுமி கடைசியில் வருவார். எங்களைத் தவிர இன்னொருவர்தான் வந்திருந்தார்: வேலூர் சத்துவாச்சாரியில் வசிக்கும் வங்கி ஊழியர். கழுத்தில் பைனாகுலர். அவர் பெயரைக் கேட்பதற்குள் எல்லோரும் அவரை பேங்க் சார் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ராத்திரி சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே, அவர் தன் வாழ்நாளில் பார்த்த பறவைகளை வரிசையாகச் சொன்னார். எஸ்தர் மூன்று இடத்தில் அவரைத் திருத்தினாள். அவருக்குக் கோபம் வரவில்லை. "அம்மாடி, நீ என்கூடவே வா" என்றார்.

இப்போது ஷூவைப் பற்றிச் சொல்லவேண்டும். நான் கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை செய்கிறேன். புது மாடல் ஷூக்களை முதலில் ஒன்று இரண்டாகச் செய்து பார்க்கிற இடம் அது. எஸ்தருக்காக என் மானேஜரிடம் கேட்டு, மலை நடைக்கான கெட்டித் தோல் ஷூ ஒரு ஜோடி செய்தேன். இடது ஷூவில் உள்ளே ஒரு அடுக்கும் அடியில் ஒரு அடுக்கும் உயரம் வைத்தேன். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. புதுத் தோல் காலைக் கடிக்குமே என்று ஒரு வாரம் தினமும் மீன் எண்ணெய் தேய்த்துத் தேய்த்து மெழுகு மாதிரி ஆக்கியிருந்தேன். தோல் பதப்படுத்துகிற இடங்களில் மீன் எண்ணெய் புதிதில்லை. அதன் வாசனையும் எங்களுக்குப் புதிதில்லை. உண்மையில் ஆம்பூர்க்காரர்களுக்கு அது வாசனையாகவே தெரியாது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ரயில் நிலையத்தில் இறங்கியதும் கைக்குட்டையை எடுப்பார்கள். என்ன ஆச்சு, ஜலதோஷமா என்று நாங்கள் கேட்போம்.

வீட்டில் செய்கிற மாதிரியே ஷூவைக் கழற்றி வராந்தாவில் வைத்துவிட்டுப் படுத்தோம்.

காலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தால் வலது ஷூ மட்டும் இருந்தது.

சிமெண்ட் தரையில் பனி ஈரத்தோடு சின்னச் சின்னக் கால் தடங்கள். கோவிந்தன் குனிந்து பார்த்தார். மிச்சமிருந்த ஷூவை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனவர் சட்டென்று பின்வாங்கினார்.

"அக்கா, இதுல இன்னா தடவுனீங்க? கருவாடா?"

"மீன் எண்ணெய்."

"மீன் எண்ணெய தடவி வெளிய வெச்சீங்களா?" அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. "நரிக்கு விருந்து வெச்சிட்டு விளக்க அணைச்சிட்டுத் தூங்கியிருக்கீங்க."

பேங்க் சார் பல் தேய்த்தபடி வந்தார். "மேடம், காட்டுல வந்து வனவிலங்குக்கு உணவு போடக் கூடாதுன்னு போர்டு வெச்சிருக்காங்களே, படிக்கலியா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பலா மரங்களுக்குப் பின்னால் போய்த் தேடிப் பார்த்தோம். புதருக்குள் ஒரு லேஸ் கிடைத்தது, அவ்வளவுதான். நான் எஸ்தரிடம், "விடு பாப்பா. இன்னொரு தடவை வரலாம்" என்றேன். சொல்லும்போதே உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததை நான் கவனித்தேன். அவளும் கவனித்திருக்கவேண்டும்.

"ஷூதானம்மா போச்சு. காலு இருக்கில்ல?"

"உயரம் இல்லாம நடந்தா இடுப்பு போய்டும்டி."

"அப்போ உயரம் வெச்சிக் குடு. நீதானே சாம்பிள் ரூம்."

அவள் பஸ்ஸுக்காகப் போட்டுவந்த பட்டை வைத்த சாண்டல் இருந்தது. லட்சுமி வீட்டுக்குள் போய் அறுந்துபோன பழைய ரப்பர் செருப்புகளை ஒரு கை அள்ளிக்கொண்டு வந்து வராந்தாவில் போட்டார். நான் எங்கே போனாலும் மெழுகு நூலும் தோல் ஊசியும் கைப்பையில் இருக்கும், தொழில் பழக்கம். காய்கறிக் கத்தியால் ரப்பரை வெட்டி, குதிகால் பக்கம் கெட்டியாகவும் விரல் பக்கம் மெலிதாகவும் சரித்து, இரண்டு அடுக்கைச் சாண்டலின் அடியில் வைத்துத் தைத்தேன். ஒரு அடுக்கு நீலம், ஒரு அடுக்கு ரோஸ். சாம்பிள் ரூமில் இப்படி ஒன்றைக் கொண்டுபோய் வைத்தால் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எஸ்தர் போட்டுக்கொண்டு வராந்தாவில் இரண்டு நடை நடந்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல."

அந்த இல்லையை எவ்வளவு நம்புவது என்று தெரியாமலே ஆறே முக்காலுக்குப் புறப்பட்டோம்.

முதல் அரை மணி நேரம் சாமை அறுத்த கொல்லைகள், பிறகு காப்புக்காடு. கோவிந்தன் பேசுவதை நிறுத்திவிட்டார். கையால்தான் பேசினார். கையை விரித்துக் காட்டினால் நில். விரல் நீட்டினால் பார். மூங்கில் புதருக்குள் காட்டுக்கோழி ஒன்று சருகைக் கிளறிக்கொண்டிருந்தது. ஒரு கரையான் புற்றை யாரோ கடப்பாரையால் இடித்த மாதிரி இருந்தது. கரடி வேலை, நேற்றோ முந்தாநாளோ என்று தணிந்த குரலில் சொன்னார். நான் உடனே எஸ்தரின் கையைப் பிடித்தேன். "அது புத்துல பூச்சி தின்ன வந்ததும்மா, நம்மள இல்ல" என்று கையை விடுவித்துக்கொண்டு, முட்டி போடமுடியாத காலை நீட்டி வைத்துக் குனிந்து, புற்றின் மேல் இருந்த நகக் கீறல்களைப் படம் எடுத்தாள்.

ஒரு பெரிய அத்தி மரத்தடியில் நீண்ட நேரம் நின்றோம். மேலே இருவாச்சிப் பறவைகள் நான்கைந்து, சாம்பல் நிறம், பழத்தைப் பிய்த்துத் தூக்கிப்போட்டு அலகைத் திறந்து பிடித்தன. ஒன்று பிடிக்கத் தவறியது; பழம் பேங்க் சாரின் தொப்பியில் விழுந்தது. பழத்தை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். எஸ்தர் அந்த மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள், நான் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருவாச்சியை நான் சரியாகப் பார்த்தேன் என்று சொல்லமுடியாது. வழி முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது. காட்டில் ஒரு நீலமும் ஒரு ரோஸும் மேலே கீழே போய்வருவதைத்தான் பார்த்துக்கொண்டே நடந்தேன்.

மூன்று கிலோமீட்டர் முடிகிற இடத்தில் ஒரு ஓடை. மழைக்காலம் முடிந்த நேரம் என்பதால் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. அதற்கு மேல் ஒரு கிலோமீட்டர் செங்குத்து ஏற்றம். உச்சியில் ஒரு வழுக்குப்பாறை, அங்கே நின்றால் சமவெளி முழுக்கத் தெரியும் என்றார் கோவிந்தன். நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினேன். எஸ்தர் ஓடையோரத்தில் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து சாண்டலைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பட்டை உரசிய இடத்தில் தோல் உரிந்திருந்தது.

"வலிக்குதும்மா" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்டதா என்று சந்தேகம் வந்தது.

"தோலு உரிஞ்சது பரவால்ல. இடுப்புல இழுக்க ஆரம்பிச்சிடுச்சு. ஏறிடுவேன். ஆனா திரும்பி வர முடியாது, யாராவது தூக்கிட்டு வரணும். நான் இங்கயே இருக்கேன். நீங்க போய்ட்டு வாங்க."

"நானும் உன்கூட..."

"நீ போம்மா. நீ இங்க உக்காந்தா என் காலையேதான் பாத்துட்டு இருப்ப. போய் மேல இன்னா இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பந்தயம் போய்விட்டது என்று அவளுக்குத் தெரியும். கண்ணில் தண்ணீர் வந்தால் நான் பார்க்கக்கூடாது என்று நினைத்திருப்பாள். லட்சுமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து மடியிலிருந்த சீதாப்பழத்தைப் பிட்டு ஒரு பாதியைக் கொடுத்தார். "நீங்க போங்கக்கா. நாங்க ரெண்டு பேரும் கதை பேசுவோம்."

நான் போனேன். எப்படிப் போனேன் என்று எனக்கே தெரியவில்லை. ஏறும்போது பத்தடிக்கு ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். முதலில் அவள் தலை தெரிந்தது, பிறகு துப்பட்டா, பிறகு வெறும் மரங்கள்.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. கீழே ஆலங்காயம் பக்கத்து வயல்கள், ஏரிகள், அதற்கப்பால் ஏலகிரி நீலமாகப் படுத்திருந்தது. பேங்க் சார் ஒவ்வொரு ஊராகப் பெயர் சொல்லிக் காட்டினார். நான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது கீழே, ஓடைப் பக்கமிருந்து, ஒரு நாய் குரைத்தது. ஒரே ஒரு தடவை, கரகரவென்று. சற்றுப் பொறுத்து மறுபடி.

"இங்க எப்படி நாய்?"

"நாய் இல்லக்கா. கேளையாடு" என்றார் கோவிந்தன். "சின்ன மான் ஜாதி. குரைக்கிற மாதிரிதான் கத்தும்."

"ஏன் கத்துது?"

"எதையாவது பாத்து மெரண்டா கத்தும். சிறுத்தைய பாத்தா..."

அவர் முடிக்குமுன் நான் இறங்க ஆரம்பித்திருந்தேன். ஐம்பதை நெருங்குகிற, தினமும் எட்டு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து தைக்கிற உடம்பு அது. சறுக்கிய இடத்தில் சறுக்கி, வேரைப் பிடித்த இடத்தில் பிடித்து, புடவைத் தலைப்பை முள்ளுக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். பின்னால் கோவிந்தன், "அக்கா, மெதுவா! ஓடாதீங்க!" என்றபடி வந்தார். இன்னும் இரண்டு தடவை அந்தச் சத்தம் கேட்டது. ஏசப்பா, ஏசப்பா என்பதைத் தவிர என் வாயில் எதுவும் வரவில்லை.

ஓடை தெரிந்தது. பாறை தெரிந்தது. எஸ்தர் நான் விட்டுப்போன அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். லட்சுமி அவள் முதுகுக்குப் பின்னால். இரண்டு பேரும் அசையவில்லை. என் காலடிச் சத்தம் கேட்டதும் எஸ்தர் திரும்பாமலே ஒரு கையை மட்டும் பின்னால் விரித்துக் காட்டினாள். நில்.

நின்றேன். மூச்சு வாங்குவதை அடக்க வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், இருபதடி தூரத்தில், ஆட்டுக்குட்டியை விடச் சற்றே பெரிய செம்பழுப்பு மிருகம் நின்றிருந்தது. நெற்றியில் கறுப்பாக இரண்டு கோடுகள். எஸ்தரையே பார்த்தது. ஒரு முன்னங்காலைத் தூக்கி, இறக்கிவைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தது. கழுத்தை நீட்டி ஒரு தடவை குரைத்தது. அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய சத்தம். எஸ்தர் அசையவில்லை. கண் கூட இமைத்திருக்கமாட்டாள். ரொம்ப நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அது காலை இறக்கியது, குனிந்து தண்ணீர் குடித்தது, குடித்து முடித்துத் தலையைத் தூக்கி இன்னொரு முறை அவளைப் பார்த்துவிட்டு மூங்கிலுக்குள் போனது. வால் அடியின் வெள்ளை மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது.

எஸ்தர் திரும்பினாள். முகமெல்லாம் சிரிப்பு.

"என்னப் பாத்துத்தாம்மா கத்துச்சு! அஞ்சு தடவை கத்துச்சு. நான் ஆடவே இல்ல. அப்புறம் அதுவே சரி போனா போவுதுன்னு தண்ணி குடிக்க வந்துடுச்சு." பிறகுதான் என் கோலத்தைப் பார்த்தாள். "நீ ஏன் இப்படி வந்து நிக்கற? விழுந்தியா?"

"லேசா சிராய்ப்பு" என்றேன்.

அவள் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். பிறகு இருவருமே சிரித்தோம், சிரித்து முடிந்து எனக்கு அழுகை வந்தது, அவள் என் முழங்கையை ஓடைத் தண்ணீரில் கழுவிவிட்டாள். கோவிந்தன் பேங்க் சாரோடு வந்து சேர்ந்தார். கேளையாட்டைப் பார்க்காமல் விட்டதில் பேங்க் சாருக்குத்தான் தாங்கவில்லை. "இருபது வருஷமா காட்டுக்குப் போறேன் மேடம். சத்தம்தான் கேட்டிருக்கேன்."

திரும்பும் வழியில் மெதுவாக நடந்தோம். எஸ்தர் இரண்டு இடத்தில் தானாகவே உட்கார்ந்தாள். எழுந்ததும் தானாகவேதான். நான் அவளுக்கு முன்னால் நடந்தேன், முதல் முறையாக. அத்தி மரத்தடியில் இருவாச்சிகள் இன்னும் இருந்தன. அவற்றின் இமை மயிரைக் கூடப் பார்த்தேன். பறவைக்கு இமை மயிர் உண்டு என்பது எனக்கு அதுவரை தெரியாது.

மதியம் ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறியபோது எஸ்தர் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். காவலூர் வரும்போதுதான் சொன்னாள்.

"ஒரு கிலோமீட்டர் விட்டுட்டேன். போக ஒண்ணு, வர ஒண்ணு. மொத்தம் ரெண்டு."

"ஆமா."

"வாணியம்பாடி காலேஜ்ல விலங்கியல் இருக்கா?"

நான் ஜன்னல் வழியே பின்னால் பார்த்தேன். பஸ் வளைவுகளில் இறங்கிக்கொண்டிருந்தது. மலை எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு மடிப்பாக மூடிக்கொண்டது. முந்தின நாள் இதே பாதையில் போனபோது அந்த மலையை எட்டு கிலோமீட்டர் என்றுதான் நினைத்திருந்தேன். ஆலங்காயத்தில் டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். சிக்னல் வந்தது. நான் இறங்கிப்போய் என் கணவருக்குப் போன் செய்தேன். அவருக்கும் பந்தயம் தெரியும். வீட்டில் உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"நடந்துட்டாளா? முழுசா நடந்தாளா?" என்றார் எடுத்த எடுப்பில்.

"இல்ல. நடுவுல வலிக்குதுன்னு உக்காந்துட்டா."

"அவளா? அவளே சொன்னாளா?"

"அவளேதான் சொன்னா."

டீக்கடை வாசலில் எஸ்தர் இரண்டு கிளாஸைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து நின்றிருந்தாள், எதிலும் சாயாமல்.

"பரண் மேல அவ ஹாஸ்டல் பெட்டி இருக்கில்ல," என்றேன், "அத எறக்கி வெயில்ல வைங்க."